விடைத்தாளைப் படிக்க நேரம் கொடுங்கள்: துணைவேந்தருக்கும் கல்விக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற பருவத்தின் கடைசி வாரத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவரின் திட்ட அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்பது பக்கம். தரவு சேகரித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வரைபடங்களும் தெளிவாக இருந்தன. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: "பி மதிப்பு 0.03 என்பதால், எங்கள் கருதுகோள் உண்மையாக இருக்க 97 விழுக்காடு வாய்ப்பு உண்டு." பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பி மதிப்பு அதைச் சொல்வதே இல்லை. உண்மையில் வித்தியாசமே கிடையாது என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. இரண்டும் வேறு வேறு பேச்சு.

அந்த மாணவிக்கு இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் பாடம் எடுத்தவன் நான்தான். பழைய பதிவேட்டைப் புரட்டினேன். 100க்கு 91.

அந்தப் பருவத்து வினாத்தாளையும் தேடி எடுத்தேன். தரவைக் கொடுத்து, சோதனை மதிப்பைக் கணக்கிடு, அட்டவணையோடு ஒப்பிடு, கருதுகோளை மறுக்கலாமா என்று சொல் எனக் கேட்டிருந்தேன். எட்டு மதிப்பெண் கேள்வி. அவர் எட்டையும் வாங்கியிருந்தார், நியாயமாகவே வாங்கியிருந்தார். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று வினாத்தாளில் எங்குமே நான் கேட்கவில்லை. கேட்காத ஒன்று அவருக்குத் தெரிகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறோர் ஆசிரியரின் மேற்பார்வையில் எழுதிய அறிக்கையில்தான் அது வெளியே வந்தது. அதுவும் நான் இரண்டாம் மதிப்பீட்டாளராகப் போனதால் என் கண்ணில் பட்டது.

அதே வாரத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பாடத்தின் கற்றல் விளைவுகளும், அதாவது பாடம் முடிந்ததும் மாணவர் செய்ய வல்லவராக இருக்க வேண்டியவை, எத்தனை விழுக்காடு அடையப்பட்டன என்று தேர்வு மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிட வேண்டும். துறைத்தலைவர்கள் அவற்றைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு 1, 2, 3 என்று எடை கொடுத்துப் பொருத்த வேண்டும். எல்லாத் துறைகளின் எண்களையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அடைவு மதிப்பு வரும். மாணவர்கள் உண்மையிலேயே கற்கிறார்களா என்று தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள். அந்த நோக்கம் நல்ல நோக்கம், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வழியில் போனால் அது தெரியவராது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்த 91 இந்தக் கணக்கில் எப்படி மேலே ஏறும் என்று பாருங்கள். என் பாடத்தின் மூன்றாவது விளைவு "புள்ளியியல் சோதனையின் முடிவை விளக்குவார்" என்பது. 60க்கு மேல் வாங்கினால் அடைந்ததாகக் கணக்கு. ஆக, அவர் அடைந்துவிட்டார். அந்த விளைவு "ஆதாரத்தின் அடிப்படையில் முடிவெடுத்தல்" என்ற பட்டப்படிப்பு விளைவோடு 3 என்ற எடையில் பொருந்துகிறது. மற்றப் பாடங்களோடு சேர்ந்து சராசரியாகித் துறைக்கு ஓர் எண் வரும், துறைகளின் எண்கள் சேர்ந்து உங்கள் மேசைக்கு ஓர் எண் வரும். முப்பத்தோராம் பக்கத்து வரி கீழேயே நின்றுவிடும். மேலே போகப் போக எண் சுத்தமாகிக்கொண்டே போகிறது, அதற்குள் இருந்த செய்தி ஒவ்வொரு படியிலும் உதிர்ந்துகொண்டே போகிறது.

புள்ளியியல் ஆசிரியராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1, 2, 3 என்பவை வெறும் வரிசை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரம்தான் என்று யாரும் காட்டவில்லை. அவற்றைப் பெருக்கிக் கூட்டி வகுத்து 2.41 என்று இரண்டு தசம இடம் வரை எழுதும்போது, இல்லாத துல்லியம் ஒன்று அதில் ஏறிக்கொள்கிறது. ஒரு பட்டப்படிப்பில் பாதிப் பாடங்கள் 3, மீதிப் பாடங்கள் 1 என்றால் சராசரி 2. இரண்டில் நிற்கிற பாடம் ஒன்றுகூட அந்தப் பட்டப்படிப்பில் இல்லை.

மதிப்பெண்ணே உறுதியான அளவா என்ற கேள்வியும் இருக்கிறது. டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1912இல் ஒரே இரண்டு விடைத்தாள்களின் படிகளைப் பல பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை வந்தது, இன்னொன்றுக்கு 50 முதல் 97 வரை வந்தது. கட்டுரை என்றால் அப்படித்தான் என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள், வித்தியாசம் இன்னும் கூடியது. படம் சரியில்லை என்பதற்கு ஒருவர் குறைத்தார், இன்னொருவர் குறைக்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் விடைத்தாள் திருத்தும் அறைகளில் இந்தக் கதை மாறவில்லை. நானும் அந்த அறைகளில் இருந்திருக்கிறேன்.

அப்படியானால் என்ன செய்வது? வகுப்பு, பாடம், பட்டப்படிப்பு, பல்கலைக்கழகம் என்ற நான்கு இடங்களிலும் ஒரே எண்ணை உருட்டிக்கொண்டு போவதை முதலில் நிறுத்த வேண்டும் என்பேன். ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி வேறு, பார்க்க வேண்டிய சான்றும் வேறு. அங்கே இருப்பவர்களால் எதை மாற்ற முடியுமோ அதைப் பற்றித்தான் அங்கே கேட்க வேண்டும்.

வகுப்பில் கேட்க வேண்டியது, நாளைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான். வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, இன்று எது புரியவில்லை என்று ஒரு நிமிடத்தில் எழுதச் சொன்னால் போதும். பெயர் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். இந்தத் தாள்கள் மேலே வரவே கூடாது. அவை பதிவாகும், தொகுக்கப்படும் என்று தெரிந்தால் மாணவர் உண்மையை எழுத மாட்டார், ஆசிரியரும் கேட்க மாட்டார். கற்பித்தல் நடந்துகொண்டிருக்கும்போது திருத்திக்கொள்வதற்காகப் பார்ப்பது ஒன்று, முடிந்தபின் தீர்ப்பு சொல்வதற்காகப் பார்ப்பது இன்னொன்று என்று மதிப்பீட்டு முறைகளை ஆராய்ந்த மைக்கேல் ஸ்கிரிவன் 1967லேயே பெயர் வைத்துப் பிரித்துக் காட்டினார். எங்கள் சுற்றறிக்கைகளில் இன்னமும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

பாட அளவில், நான் கற்பிக்க நினைத்ததும் தேர்வில் கேட்டதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். என் வினாத்தாள் அதில்தான் தோற்றது. இந்தப் பிரச்சினையை இயற்பியல்காரர்கள் எங்களுக்கு முன்பே நேருக்கு நேர் சந்தித்தார்கள். விசை, இயக்கம் பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் ஒரு வினாத்தொகுப்பு 1992இல் வெளியானது. அதில் கணக்கே கிடையாது, பார்த்தால் எளிய கேள்விகளாகத்தான் தெரியும். ஒரு கனமான லாரியும் சிறிய காரும் மோதிக்கொண்டால் எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது என்பது மாதிரி. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் இத்தகைய கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கொடுத்தபோது, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா?" என்று ஒருவர் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கடினமான கணக்குகளைப் போட்டவர்கள் இந்த எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். தான் நன்றாகக் கற்பிப்பதாக அதுவரை நம்பியவர், அதற்குப் பிறகு பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார்.

அப்புறம் 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 பாட வகுப்புகளில் 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் திரட்டினார். பாடம் தொடங்கும்போது ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை இந்த வகைச் சோதனை. ஆரம்பத்தில் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கைக் கற்றார்கள் என்று பார்த்தால், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 0.23, மாணவர்கள் பேசி விவாதித்துக் கற்ற வகுப்புகளில் 0.48. இந்த எண்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அவை ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான பதில். என்ன தெரியும், என்ன தெரியாது என்று முன்பே தீர்மானித்துக் கட்டிய சோதனை அது. தேர்ச்சி விகிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சுற்றறிக்கையின் இணைப்பில், ஒரு வினா எந்த அளவு சிந்தனையைக் கோருகிறது என்று பிரிக்கும் புளூமின் ஆறு நிலைகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல் பட்டியலும் இருந்தன. "வரையறு" என்று தொடங்கினால் முதல் நிலை, "மதிப்பிடு" என்று தொடங்கினால் உயர்ந்த நிலை. பெஞ்சமின் புளூமும் உடன் பணியாற்றியவர்களும் 1956இல் வெளியிட்ட அந்த வகைப்பாடு, பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் கூடிப் பேசியதில் பிறந்தது. தங்களுக்குள் வினாக்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை. வினாக்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசிய மனிதர்கள் அவர்கள். நாம் வினாவைப் பார்க்காமல் வினைச்சொல்லை மட்டும் எண்ணுகிறோம். வகுப்பில் ஏற்கெனவே எழுதிப்போட்ட விமர்சனத்தை "மதிப்பிடுக" என்று கேட்டால் மாணவர் ஒப்பிக்கிறார், அவ்வளவுதான். வினை உயர்ந்தாலும் வேலை மனப்பாடம்தான்.

இனி பட்டப்படிப்பு. எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருப்பது இதைப் பற்றித்தான், ஏனென்றால் நம் பல்கலைக்கழகத்தில் முற்றிலும் காலியாக இருக்கும் இடம் இது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு. மூன்று நான்கு ஆண்டுகள் முடிந்து வெளியே போகும் மாணவர், எல்லாப் பாடங்களையும் சேர்த்து என்ன செய்ய வல்லவராக இருக்கிறார் என்று பார்க்க யாரும் பொறுப்பில்லை. பாடங்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் அது வந்துவிடும் என்று நினைக்கிறோம். செங்கல் நல்ல செங்கல்தான் என்று தனித்தனியாகச் சான்றிதழ் கொடுத்தால் சுவர் நிற்குமா என்று தெரிந்துவிடாது.

அந்த மாணவியின் அறிக்கைக்குப் பிறகு எங்கள் துறையில் ஆறு பேர் சேர்ந்து ஒன்று செய்தோம். யாரும் கேட்கவில்லை, நாங்களாகவே செய்தோம். இறுதியாண்டு அறிக்கைகளிலிருந்து பன்னிரண்டைக் குலுக்கலில் எடுத்து, மாணவர் பெயரையும் மேற்பார்வையாளர் பெயரையும் மறைத்துப் படி எடுத்தோம். ஒவ்வோர் அறிக்கையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பது என்று முடிவு. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆதாரத்தை எடைபோட்டு முடிவுக்கு வருகிறாரா? நான்கு படிகள் கொண்ட ஒரு சிறிய அளவுகோலை எழுதிக்கொண்டோம். அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2009இல் இப்படிப்பட்ட அளவுகோல்களை வெளியிட்டது. அதைப் பார்த்து எங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டோம்.

இரண்டு மதியங்கள் ஆயின. முதல் அறிக்கையிலேயே தகராறு. மூத்த பேராசிரியர் ஒருவர் 3 போட்டார், நான் 1 போட்டேன். ஏன் என்று பேசியபோதுதான் தெரிந்தது: மாணவர் எத்தனை ஆய்வுகளை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று அவர் பார்த்திருந்தார், அந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதை மாணவர் கவனித்தாரா என்று நான் பார்த்திருந்தேன். இத்தனை ஆண்டுகளாக ஒரே துறையில், பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, "ஆதாரம்" என்ற ஒரே சொல்லை இருவரும் வேறு வேறு பொருளில் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். மாணவர்கள் இரண்டு பேரிடமும் படித்துவிட்டுக் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

இரண்டாம் மதியத்தில் இன்னொன்று புலப்பட்டது. பன்னிரண்டில் பெரும்பாலானவற்றில் முடிவுரை, தரவு சொல்வதைவிட ஒரு படி அதிகமாகப் பேசியது. சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு எல்லோரையும் பற்றி முடிவு சொன்னார்கள். இதை எந்தப் பாடத்தில் கற்றுக்கொடுக்கிறோம் என்று ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆய்வுமுறைப் பாடத்தில் வரும் என்று நான் நினைத்திருந்தேன். ஆய்வுமுறை ஆசிரியர் அது புள்ளியியலில் வரும் என்று நினைத்திருந்தார். எந்தத் தனிப்பாடத்தின் தேர்விலும் இது தெரிந்திருக்காது. இரண்டு பாடங்களுக்கு நடுவில் விழுந்த ஓட்டை அது. பாடங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், சேர்த்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

அதற்கு அடுத்த பருவத்திலிருந்து சில சிறிய மாற்றங்கள் செய்தோம். என் வினாத்தாளில் இப்போது ஒவ்வொரு கணக்குக்குப் பின்னாலும், "இந்த முடிவைப் புள்ளியியல் படிக்காத ஒருவருக்கு மூன்று வரியில் சொல், இதிலிருந்து எதைச் சொல்ல முடியாது என்பதையும் சொல்" என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆய்வுமுறைப் பாடத்தில் ஒரு வாரம், வெளியான ஆய்வுகளின் முடிவுரையை மட்டும் எடுத்து, தரவு இதைத் தாங்குமா என்று விவாதிக்கிறார்கள். என் பாடத்தில் சராசரி மதிப்பெண் குறைந்திருக்கிறது. உங்கள் சுற்றறிக்கைப்படி என் அடைவு மதிப்பு சரிந்ததாகப் பதிவாகும். கற்றல் சரிந்ததா? முன்பு கேட்காததை இப்போது கேட்கிறேன், அதனால் முன்பு மறைந்திருந்தது இப்போது தெரிகிறது. இந்த வித்தியாசத்தை அந்த எண் சொல்லாது. அடுத்த ஆண்டு என்னைப் போன்ற ஒருவர், குறிப்பாகப் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஓர் இளம் ஆசிரியர், பழைய வினாத்தாளுக்கே திரும்பிப் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதில்தான் என் பயம் முழுக்க இருக்கிறது. ஓர் அளவை முடிவெடுக்கப் பயன்படுத்தப் பயன்படுத்த, அந்த அளவே கெட்டுப்போகும், அது அளக்க வந்ததும் சேர்ந்து கெடும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் காம்ப்பெல் 1970களிலேயே எச்சரித்தார். தேர்வு மதிப்பெண்ணையே உதாரணமாகக் காட்டியும் சொன்னார். மாணவர் கற்றலைத் தெரிந்துகொள்ள எடுக்கும் சான்றை ஆசிரியரின் தரத்தை முடிவுசெய்யவும் பயன்படுத்தினால், சான்று உங்களுக்கு வந்து சேராது. நல்ல செய்தி மட்டும்தான் வந்து சேரும்.

பல்கலைக்கழக அளவில் என்ன கேட்கலாம்? எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவாக ஒரு தேர்வு வைத்துப் பார்க்கலாமே என்ற யோசனை அவ்வப்போது வருகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு இதை உலக அளவில் முயன்று பார்த்தது. 2010களின் தொடக்கத்தில் 17 நாடுகளில் சுமார் 23,000 மாணவர்களிடம் சோதனை முயற்சி நடந்தது. அதற்கு அடுத்து நடக்க வேண்டிய முழு அளவிலான ஆய்வு நடக்கவேயில்லை. ஒரு தத்துவ மாணவரும் ஒரு பொறியியல் மாணவரும் தங்கள் துறையிலிருந்து வெளியே வந்து, தங்களுக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு தேர்வில் காட்டும் திறமையை வைத்து எந்தத் துறை எதைத் திருத்திக்கொள்ளும்?

மாறாக, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள அல்வெர்னோ கல்லூரி 1973 முதல் வேறு வழியில் போனது. கல்லூரிக்கே பொதுவாக எட்டுத் திறன்களை ஆசிரியர்கள் கூடி முடிவு செய்தார்கள். ஒவ்வொரு திறனும் ஒவ்வொரு துறையில் எப்படி இருக்கும் என்று அந்தந்தத் துறையே வரையறுத்தது. வழக்கமான A, B, C தரங்களை விட்டுவிட்டு, மாணவர் செய்து காட்டுவதைப் பார்த்து எழுத்துப்பூர்வமான கருத்துச் சொல்லும் முறைக்கு மாறினார்கள். அது ஒரு சிறிய கல்லூரி, நாம் அப்படியே செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மேலே பொதுவான ஒரு கேள்வி, கீழே அந்தந்தத் துறையின் சான்று என்ற அந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்திலும் முடியும்.

துறைகளால் பார்க்க முடியாததைப் பார்ப்பதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன். கணிதத் துறை மற்றத் துறை மாணவர்களுக்கு எடுக்கும் பாடம் அங்கே போய் உதவுகிறதா? முதலாண்டு எழுத்துப் பயிற்சி மூன்றாம் ஆண்டு அறிக்கையில் எங்காவது தென்படுகிறதா? ஐந்து துறைகள் தனித்தனியாக, "எங்கள் மாணவர்களுக்கு மூலங்களைச் சோதிக்கத் தெரியவில்லை" என்று எழுதினால், அது ஐந்து துறைகளின் பிரச்சினையா, நூலகப் பயிற்சியின் பிரச்சினையா? இவற்றைப் பார்க்கும் உயரத்தில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே நான் கேட்பது இவைதான். இந்த ஆண்டு அடைவு விழுக்காட்டுக் கணக்கை நிறுத்திவையுங்கள். அதற்கு ஒவ்வோர் ஆசிரியரும் செலவிடும் நேரத்தில் பாதியைத் துறைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். வகுப்போ தேர்வோ கூட்டமோ இல்லாத இரண்டு மதியங்களை நாட்காட்டியிலேயே குறித்துக் கொடுங்கள். ஒவ்வொரு துறையும் தன் மாணவர்களைப் பற்றித் தனக்கு உண்மையிலேயே தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, இறுதியாண்டுப் படைப்புகள் சிலவற்றைச் சேர்ந்து படித்து, என்ன பார்த்தோம், என்ன மாற்றப்போகிறோம் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அடுத்த ஆண்டு, மாற்றினோமா, என்ன ஆயிற்று என்று ஒரு பக்கம். இதில் வரும் எதையும் பதவி உயர்வுக்கோ துறைகளைத் தரவரிசைப்படுத்தவோ பயன்படுத்த மாட்டோம் என்று கல்விக்குழு தீர்மானமாகவே போட வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. வெளியிலிருந்து அங்கீகாரம் வழங்க வருபவர்களிடம் என்ன காட்டுவது என்று உங்களுக்குக் கவலை இருக்கும். இந்த மூன்று பக்கங்களைக் காட்டுங்கள். சான்றைப் பார்த்து எதையாவது மாற்றினீர்களா என்பதற்கு அதைவிட நேரடியான பதில் கிடையாது.

அந்த மாணவியைப் பிறகு அழைத்துப் பேசினேன். முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்து, அந்த வரியை எங்கிருந்து கற்றார் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை ஐயா, ஆனால் தப்பு என்றும் யாரும் சொல்லவில்லை" என்றார். ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டிக் காட்டிப் பேசினோம். அரைமணி நேரத்தில் அவருக்குப் புரிந்தது, அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். இது நடந்தது பட்டம் வாங்க ஒன்பது நாள் இருக்கும்போது.

வரும் பருவத்தின் இறுதியில் எங்கள் துறை மறுபடியும் பன்னிரண்டு அறிக்கைகளை எடுக்கப்போகிறது. கல்விக்குழுவிலிருந்து இரண்டு பேராவது எங்களோடு உட்கார்ந்து படிக்க வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேதி முடிவானதும் உங்கள் அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்